தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் மீன் வளருமாம்!

போன வாரம் கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் போன்ல ஒரு போட்டோ அனுப்பினான். ரெண்டடித் தொட்டி. உள்ளே ரெண்டு ஆஸ்கார், ஒரு பிளவர்ஹார்ன், ரெண்டு பேரட், அடியில ஒரு டேங்க் கிளீனர். எல்லாமே விரல் நீளம். "எப்படி மச்சி இருக்கு?"ன்னு கேட்டிருந்தான். நான் பதில் போடல. போட்டா சண்டையாயிடும். ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. அதனால மச்சி, இது உனக்கு. உன்னை மாதிரி ஞாயித்துக்கிழமை கொளத்தூர் போய் கவர் கவரா மீன் வாங்கிட்டு வர்ற எல்லாருக்கும்.

நான் சொல்ல வர்றது ஒரு வரிதான். பெரிய சிக்லிட் மீன்களைப் பொறுத்தவரை, "என் தொட்டியில எத்தனை விடலாம்?"ங்கிற கேள்விக்கு பெரும்பாலான வீடுகள்ல சரியான பதில் 'ஒண்ணு'. நிறைய வீடுகள்ல 'பூஜ்யம்'. இதைக் கேட்டு கோபம் வரும். எனக்கும் வந்துச்சு. என் கதையைக் கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

என் பாவக்கணக்கு

எங்க வீடு மணலி. பன்னிரண்டாவது முடிச்ச லீவுல, மாதவரம் பால்பண்ணை வழியா ரெட்டேரி தாண்டி கொளத்தூர் போனேன். வண்ண மீனுக்கு கொளத்தூர் எவ்வளவு பெரிய இடம்னு நான் சொல்லத் தேவையில்ல. தெருத்தெருவா கடை, வீட்டுக்கு வீடு சிமெண்ட் தொட்டி. பல குடும்பங்களுக்கு மூணு வேளை சோறு போடுறது மீன்தான். அந்த ஊர் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன்.

மூணடிக்கு ஒண்ணரை அடிக்கு ஒண்ணரை அடின்னு ஒரு தொட்டி வாங்கினேன். "ண்ணா, இதுல எத்தனை மீன் விடலாம்?"னு கேட்டேன். கடைக்காரர் தொட்டியையும் பார்க்கல, என்னையும் பார்க்கல. "எவ்ளோ வேணா உடு தம்பி. தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும்" என்றார்.

ரெண்டு ஆஸ்கார், ஒரு கிரீன் டெரர், ஒரு ஜாக் டெம்ப்சி, ஒரு ஜாகுவார், ஒரு பேரட், ஒரு டேங்க் கிளீனர். ஏழு. எல்லாம் ரெண்டு இன்ச். அவ்வளவு பெரிய தொட்டியில ஏழு மீன் எங்கே இருக்குன்னு தேட வேண்டியிருந்தது. 'காலியா இருக்கே, இன்னும் நாலு வாங்கியிருக்கலாமோ'ன்னு நினைச்சேன். ஆசை அறுபது நாள்னு சும்மாவா சொன்னாங்க.

நல்லா சாப்பாடு போட்டா ஆஸ்கார் ஆரம்ப மாசங்கள்ல மாசத்துக்கு ஒரு இன்ச் கணக்குல வளரும். எட்டு மாசத்துல தொட்டி 47டி பஸ் மாதிரி ஆயிடுச்சு. ஜாகுவார் ஒரு மூலையைப் பட்டா போட்டுக்கிச்சு. ஜாக் டெம்ப்சிக்கு வால் இல்ல. பேரட் பகல் முழுக்க பில்டர் பின்னாடி. வாரத்துக்கு ரெண்டு தடவை பாதித் தண்ணி மாத்தியும் ஒரு வாடை.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். கரண்ட் போச்சு. தெருவுல முழங்கால் தண்ணி. வீட்டுச் சாமானை எல்லாம் கட்டில் மேல ஏத்திட்டு இருந்தப்போ தொட்டியைப் பார்த்தேன். ஏழு மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஏர் பம்ப் ஓடல, பில்டர் ஓடல. அம்மா ஒரு பக்கம் அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்றாங்க, நான் மக்குல தண்ணி மொண்டு மொண்டு உயரத்துல இருந்து ஊத்திட்டு இருக்கேன். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ள ஆறு போயிடுச்சு. டேங்க் கிளீனர் மட்டும் உயிரோட இருந்துச்சு. அது மேல வந்து காத்தை விழுங்கிக்கூட சமாளிக்கிற ஜாதி.

புயல் கொன்னுச்சுன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். பக்கத்துத் தெருவுல ஒரு அண்ணன், நாலடித் தொட்டியில ஒரே ஒரு ஆஸ்கார் வெச்சிருந்தார். அதே கரண்ட் கட், அதே வெள்ளம். அந்த ஆஸ்கார் பட்டினியா கிடந்து, கரண்ட் வந்ததும் சாப்பிட்டு, இன்னிக்கும் அவர் கையில இருந்து தீனி வாங்குது. அதுக்கப்புறம் 'புயல்'னு சொல்ல எனக்கு வாய் வரல.

பி.காம். மூளைக்கு எட்டின கணக்கு

மூணு x ஒண்ணரை x ஒண்ணரை, 6.75 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக சுமார் 190 லிட்டர். மண், கல், மேல விடுற இடைவெளி எல்லாம் போக 160 தேறும்.

இப்போ நான் வாங்கின மீன்கள் முழுசா வளர்ந்தா? ஆஸ்கார் 12 இன்ச், ரெண்டுக்கு 24. ஜாகுவார் 14. கிரீன் டெரர் 8, ஜாக் டெம்ப்சி 8, பேரட் 8. மொத்தம் 62 இன்ச். டேங்க் கிளீனர் ஒரு அடிக்கு மேல போகும், அதைச் சேர்க்கவே இல்ல. தலையும் வாலுமா வரிசையா நிறுத்தினா 62 இன்ச் மீன். தொட்டி நீளம் 36 இன்ச். இந்தக் கூட்டலைப் போட கால்குலேட்டர்கூட வேண்டாம். ஆனா நான் போடல. பேலன்ஸ் ஷீட் டேலி ஆகலைன்னா ராத்திரி முழுக்க உட்கார்ற நான், இதைப் போடல.

நீளக் கணக்கே ஏமாத்து வேலைங்கிறது அடுத்தது. 'ஒரு கேலனுக்கு ஒரு இன்ச் மீன்'னு ஒரு பழைய விதி சுத்திட்டு இருக்கு. நியான் டெட்ரா மாதிரி குட்டி மீனுக்கு அது ஓரளவு ஓடும். பெரிய மீனுக்கு ஓடாது. ரெண்டு இன்ச் ஆஸ்கார் 12 இன்ச் ஆகும்போது நீளம் 6 மடங்கு. ஆனா அகலமும் உயரமும் சேர்ந்து வளருதே? 6 x 6 x 6. எடை சுமார் 216 மடங்கு. சாப்பாடும் கழிவும் அதே அளவுக்கு ஏறாட்டாலும், நீளத்தைவிட ரொம்ப வேகமா ஏறும். கடையில கவர்ல கட்டிக் கொடுக்கிறது ஒரு மீன் இல்ல, 216 மீனுக்கான அட்வான்ஸ்.

அக்கவுண்ட்ஸ் கிளாஸ்ல முதல் வருஷமே சொல்லித் தர்ற பாடம், ஸ்டாக் மதிப்பு போடும்போது வாங்கின விலையா, மார்க்கெட் விலையா, எது குறைவோ அதை எழுது. வரப்போற லாபத்தை எழுதாதே, வரப்போற நஷ்டத்துக்கு இன்னிக்கே ஒதுக்கு. மீன் தொட்டி ஸ்டாக்குக்கு அதே பாடம் தலைகீழா. இன்னிக்கு இருக்கிற நீளமா, வளர்ந்தப்புறம் வரப்போற நீளமா, எது அதிகமோ அதை எழுது. முழுசா வளர்ந்த மீனுக்கு இன்னிக்கே இடம் ஒதுக்கு. முடியலையா, வாங்காதே.

அமோனியான்னா என்னன்னு நமக்குத் தெரியாதா?

மீன் முக்கியமா தன் கழிவை செவுள் வழியா அமோனியாவா வெளியே விடுது. மிச்ச தீனி, எச்சம் அழுகினாலும் அதே அமோனியா. பில்டர்ல குடியிருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம். மூணாவது கொஞ்சம் பரவாயில்லை, ஆனா சேரச் சேர அதுவும் கெடுதி. இந்த பாக்டீரியா குடும்பம் புதுத் தொட்டியில செட்டாக ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும். நாம தொட்டி வாங்கின அன்னிக்கே ஏழு மீனைக் கொட்டுறோம்.

நம்ம ஊர் இதுல இன்னும் மோசம். அமோனியாவோட விஷத்தன்மை தண்ணியோட பிஹெச் அளவைப் பொறுத்தது. அது 7-ல இருந்து 8-க்கு ஏறினா, விஷமான வடிவத்துல இருக்கிற அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்காகும். சூடு ஏறினாலும் கூடும். 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கிற தண்ணி, 30 டிகிரியில ஏழரைதான் பிடிக்கும். உப்புத்தன்மையுள்ள போர் தண்ணி, மே மாச வெயில், ஓட்டு வீடு. வெளிநாட்டுக்காரன் எழுதின அளவைவிட நாம குறைச்சுத்தான் விடணும். நாம டபுளா விடுறோம்.

அமோனியா பத்தி மணலிக்காரனுக்கு யாராவது பாடம் எடுக்கணுமா? நம்ம ஊர் உரத் தொழிற்சாலையில 1970-கள்ல இருந்து தயாராகுற பொருள் அது. என் மீன் செத்த மூணு வாரத்துல, 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் கிட்ட கடலுக்கடியில போற குழாயில இருந்து அமோனியா கசிஞ்சது. ஜனங்க தூக்கத்துல இருந்து எழுந்து, கண்ணு எரிய, மூச்சு அடைக்க, புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடினாங்க. நிறைய பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. எண்ணூர்ல இருக்கிற எங்க அத்தை மறுநாள் போன்ல சொன்னாங்க: "ஓட இடம் இருந்துச்சு, ஓடிட்டோம்பா."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வெச்சது. தொட்டிக்குள்ள இருக்கிறவன் எங்கே ஓடுவான்?

வழக்கமான வாதங்களும் என் பதிலும்

1. "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் வளரும்."

பாதி உண்மைதான் இருக்கிறதிலேயே ஆபத்தான பொய். இடம் கம்மியா, கூட்டம் அதிகமா இருந்தா மீன் சிறுத்துப் போகும், உண்மை. நம்ம ஜிலேபி கெண்டையைப் பாருங்க. அதுவும் சிக்லிட்தான். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. ரெண்டு மூணு மாசத்துலயே முட்டை வெச்சு, வாயிலேயே அடைகாத்து, குளம் குளமா நிறைஞ்சது. கூட்டம் கூடினதும் என்ன ஆச்சு? உள்ளங்கை அளவைத் தாண்டாத குட்டி மீனா குளம் முழுக்க நிரம்பிச்சு. மீன் வளர்ப்புக்காரங்க இன்னிக்கும் தலையில அடிச்சுக்கிற பிரச்சினை அது. 1959-லயே புதுசா எந்தக் குளத்துலயும் விட வேண்டாம்னு தடை போட்டாங்க. சிறுத்துப் போறது 'ஏத்த மாதிரி வளர்றது' இல்ல. ரேஷன் அரிசி போதாம உயரம் குறைஞ்ச குழந்தையைப் பார்த்து 'வீட்டுக்கு ஏத்த மாதிரி வளர்ந்திருக்கு'ன்னு சொல்வோமா?

2. "பெரிய பில்டர் போட்டா எத்தனை வேணா விடலாம்."

பில்டர் அமோனியாவை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டை வெளியே எடுக்கிறது உங்க கையும் பக்கெட்டும்தான். பில்டர் இடத்தை உண்டாக்காது. சண்டையை விலக்காது. கரண்ட் போனா ஓடாது. வடசென்னையில இருந்துக்கிட்டு கரண்டை நம்பி உயிரை ஒப்படைக்கிறது எவ்வளவு பெரிய தைரியம்னு நினைச்சுப் பாருங்க. அப்புறம் தண்ணி. 2019 ஜூன்ல ஏரியெல்லாம் காய்ஞ்சு, மொத்த சென்னையும் குடத்தோட லாரிக்கு நின்னது மறந்துடுச்சா? கூட்டமான தொட்டிக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை 80 லிட்டர் மாத்தணும். அன்னிக்கு அந்த 80 லிட்டரை அம்மா கிட்ட போய்க் கேட்பீங்களா?

3. "கூட்டமா விட்டா சண்டை போடாது."

இது முழுப் பொய் இல்ல, அதனால மரியாதையா பதில் சொல்றேன். ஆப்பிரிக்காவுல மலாவி ஏரியில பாறை ஓரமா வாழுற 'புனா' வகை சிக்லிட்டுகளை வேணும்னே கொஞ்சம் நெருக்கமா வெப்பாங்க. ஒருத்தனே அடி வாங்காம, அடி எல்லாருக்கும் பரவிடும். ஆனா அதெல்லாம் நாலஞ்சு இன்ச் மீன்கள். கிட்டத்தட்ட ஒரே அளவு. பில்டரும் தண்ணி மாத்துறதும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். அதை எடுத்து தென் அமெரிக்க, மத்திய அமெரிக்க மீனுக்குப் பொருத்தாதீங்க. முட்டை வைக்கிற நேரத்துல ஒரு ஜாகுவார் ஜோடிக்கு நாலடித் தொட்டி முழுசும் அதோட வீட்டு வாசல். பிளவர்ஹார்ன் கண்ணாடிக்கு வெளியே இருக்கிற நம்ம விரலையே அடிக்க வரும். அதுக்குப் பக்கத்துல இன்னொரு மீனை விடுறது துணைக்கு இல்ல, தீனிக்கு.

4. "பெரிசானா கடையில திருப்பிக் கொடுத்துடலாம்."

கொடுத்துப் பாருங்க. வால் கிழிஞ்ச, பத்து இன்ச் மீனை எந்தக் கடைக்காரர் வாங்குவார்? அவர்கிட்ட இடம் இருந்தாத்தானே? கடைசியில என்ன ஆகுதுன்னா, ராத்திரியோட ராத்திரியா பக்கெட்ல தூக்கிட்டுப் போய் ஏரியில விட்டுடறாங்க. 'புண்ணியம்'னு வேற சொல்லிக்கிறாங்க. இன்னிக்கு சென்னை ஏரிகள்ல வலை போட்டா, முள்ளுத் தோலோட டேங்க் கிளீனர் மாட்டுது. வலையைக் கிழிக்குது, திங்கவும் ஆளில்ல. அந்த மீன் தென் அமெரிக்காவுல இருந்து நீந்தி வரல. இந்தியாவுக்குன்னு சொந்தமான சிக்லிட் மூணே மூணு வகைதான். அதுல ரெண்டு நம்ம பழவேற்காடு ஏரியில இருக்கு. ஏற்கெனவே 2023 டிசம்பர்ல மணலியில இருந்து வெள்ளத்தோட போன எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தை என்ன பண்ணுச்சுன்னு பார்த்தோம். அதுக்கு மேல நம்ம பங்கும் வேணுமா?

5. "மீனுக்கு என்னப்பா தெரியும்?"

2007-ல ஒரு சிக்லிட் மீன் வகையை வெச்சு செஞ்ச ஆராய்ச்சி 'நேச்சர்' இதழ்ல வந்தது. யார் யாரை ஜெயிச்சாங்கன்னு தள்ளி இருந்து பார்த்தே, நேரா மோதிப் பார்க்காத ரெண்டு பேர்ல யார் பலசாலின்னு அந்த மீன் கணிச்சிடுச்சு. ஏ பி-யை ஜெயிச்சான், பி சி-யை ஜெயிச்சான், அப்போ ஏ சி-யை ஜெயிப்பான். எங்க கிளாஸ்ல இதுக்கே ரெண்டு பேர் முழிப்பான் :-) அந்த மூளையை வெச்சுக்கிட்டு, தன்னை தினமும் அடிக்கிறவன்கூட ஓடவும் இடமில்லாம அது இருக்கு.

அப்போ சட்டம் போடணுமா?

போட்டாங்க. 2017 மே மாசம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன் கடைகளுக்குன்னு தனி விதிகளைக் கொண்டு வந்தது. கிண்ணத்துல மீன் வெக்கக்கூடாது, மீன் மருத்துவம் தெரிஞ்சவர் வேணும், இன்ன இன்ன மீனை விக்கவே கூடாதுன்னு பெரிய பட்டியல். கொளத்தூர் கொதிச்சது. நியாயம்தான். சின்ன வியாபாரியால தாங்க முடியாத விதிகள் அதுல இருந்துச்சு. அப்புறம் அதைத் திரும்ப வாங்கிட்டாங்க. வயித்துப் பிழைப்பு ஜெயிச்சதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா ஜெயிச்ச வியாபாரம் தனக்குன்னு ஒரு ஒழுங்கை வெச்சுக்கணும் இல்லையா?

நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. தொட்டி மேல விலை எழுதி ஒட்டுறீங்களே அண்ணே, அதுக்குப் பக்கத்துல இன்னொரு எண்ணையும் எழுதுங்க. 'வளர்ந்தால் 12 இன்ச்.' அவ்வளவுதான். ஒரு மார்க்கர் பேனா செலவு. விரல் நீள மீன் ஒரு அடியாகும்னு தெரிஞ்சும் வாங்குறவன் வாங்கட்டும், அது அவன் பாவம். தெரியாம வாங்குறவனுக்கு விக்கிறது உங்க பாவம். வியாபாரம் படுத்துடும்னு பயப்படாதீங்க. ஏழு மீனைக் கொன்னவன் வெறுத்துப் போய் தொட்டியை மொட்டை மாடியில கவுத்து வெச்சிடுவான். ஒரு மீனைப் பத்து வருஷம் வளர்க்கிறவன் பத்து வருஷமும் உங்க கடைக்குத்தான் தீனி வாங்க வருவான். இது பி.காம்.காரன் சொல்ற கணக்கு, நம்புங்க.

வாங்குற நமக்கு:

- ஒரு ஆஸ்காருக்கு நாலடி நீளம், ஒண்ணரை அடி அகலம், சுமார் 280 லிட்டர். இது ஆடம்பரம் இல்ல, ஆரம்பம். ரெண்டு வேணும்னா 4 x 2 x 2, அதாவது 450 லிட்டர்.
- பிளவர்ஹார்ன் ஒண்ணே ஒண்ணு, நாலடித் தொட்டியில, தனியா.
- ஜாகுவார் ஜோடி, ஆறடிக்கு ரெண்டடி அகலம் இல்லாம நினைக்கவே வேண்டாம்.
- 450 லிட்டர் தண்ணி 450 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு தனி. வாடகை வீட்டு மாடியில வெக்கிறதுக்கு முன்னாடி ஓனரை ஒரு வார்த்தை கேளுங்க.
- ரெண்டடித் தொட்டிதான் இருக்கா? கப்பி, மாலி, டெட்ரா இருக்கே. குட்டி மீன் வளர்க்கிறது கௌரவக் குறைச்சல் இல்ல.
- ஏற்கெனவே கூட்டமா வெச்சிருந்தா இன்னிக்கே பெரிய தொட்டி வெச்சிருக்கிறவங்களைத் தேடிச் சும்மாவே கொடுத்துடுங்க. ஏரியில மட்டும் விடாதீங்க.

கடைசியா ஒண்ணு. அகலம் இல்லாத ஒரு இடத்துல, ஒண்ணு மேல ஒண்ணா, 'இன்னும் ஒண்ணு தாங்கும், இன்னும் ஒண்ணு தாங்கும்'னு வெளியில இருந்து யாரோ அடுக்கிக்கிட்டே போனா உள்ளே இருக்கிறவனுக்கு எப்படி இருக்கும்? சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல் மின் நிலையம், சாம்பல் குட்டை, குப்பைக் கிடங்கு எல்லாத்துக்கும் நடுவுல பிறந்து வளர்ந்த நமக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்ல. எண்ணூரும் மணலியும் அனுபவிக்கிறதை நாமளே, நம்ம காசு போட்டு வாங்கின உயிருக்கு, நம்ம வீட்டு ஹால்ல பண்ணலாமா?

என் மூணடித் தொட்டி இப்போவும் இருக்கு. உள்ளே பதினஞ்சு டெட்ரா ஓடுது. அந்த டேங்க் கிளீனரை ஆறடித் தொட்டி வெச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டேன். வர்றவங்க எல்லாரும் 'என்னடா தொட்டி காலியா இருக்கு'ன்னு கேட்கிறாங்க. காலியா இல்ல. அது மீனோட இடம்.

டிஸ்கி: மச்சி, நாலடித் தொட்டி எங்கே மலிவா கிடைக்கும்னு நான் காட்டுறேன். பிளவர்ஹார்னை மட்டும் இன்னிக்கு ராத்திரியே தனியா எடுத்து வெச்சிடு. பக்கெட்டா இருந்தாலும் பரவாயில்ல, ஏர் பம்ப் போட்டுடு.